வெந்த சிங்கி இறாலும் பச்சைச் சமவெளியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூஜின் தெலாக்ருவா என்னும் பிரெஞ்சு ஓவியர் 1826-27ஆம் ஆண்டுகளில் வரைந்த, சிங்கி இறால்களும் வேட்டைப் பொருள்களும் திறந்த வெளியில் குவிந்து கிடக்கும் ஓவியத்தைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலர் வெளியிட்ட கட்டுரையை, மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் நாங்கள் ஐந்தாறு பேர் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தோம். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் தொங்கும் ஒரு படத்துக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முக்கால் பக்கம் ஒதுக்கியதே எங்களுக்குப் பெருமகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி குறையாமலேயே, கட்டுரையாளரின் விளக்கத்தோடு நான் எங்கே வேறுபடுகிறேன் என்பதைச் சொல்ல இடம் தர வேண்டுகிறேன். கடிதம் நீண்டுவிடும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்; முப்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழும், ஆள் கிடைக்காத ஆண்டுகளில் ஓவியமும் சொல்லிக்கொடுத்தவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது.

முதலில் ஒரு திருத்தம். படத்தின் நடுவே கிடக்கும் இரண்டு சிங்கி இறால்களும் கடலிலிருந்து அப்போதுதான் பிடித்துவரப்பட்டவை என்று கட்டுரை சொல்கிறது. புதிதாகக் கிடைத்த வேட்டையின் களிப்பே ஓவியத்தின் பொருள் என்ற முடிவும் அந்தச் செய்தியின் மேல்தான் எழுப்பப்படுகிறது. தங்கள் இதழ் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருந்தபடியால் இந்தத் தவறு நேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை. சாம்பல் நிறத்தில் பார்த்தால் அவை கரிய, ஈரம் உலராத, உயிருள்ள பிராணிகளாகத்தான் தோன்றும். வண்ணத்தில் அவை செக்கச்செவேலென்று இருக்கின்றன. ஐரோப்பியக் கடல்களில் வாழும் சிங்கி இறால் உயிரோடு இருக்கும்போது கருநீலமாக இருக்கும். ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் என்னும் செந்நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்து கிடப்பதால் நீலமாகத் தெரிகிறது, கொதிநீரில் அந்தப் புரதம் குலைந்து நிறமி விடுபட்டதும் ஓடு சிவந்துவிடுகிறது. வேதியியல் படிக்காதவர்களும் இதை அறிவார்கள். எங்கள் தீவின் கடலோர ஊரான மாயேபூரில் மீன்காரர் வீட்டுப் பிள்ளை யாரைக் கேட்டாலும், இப்படிச் சிவந்த இறால் சட்டியிலிருந்து வந்தது என்று சொல்லிவிடும். ஆக, தெலாக்ருவா வரைந்த இறால்கள் இரண்டும் வெந்தவை. அவற்றின் பக்கத்தில் கிடக்கும் முயலோ தோல் உரிக்கப்படாதது. ஃபெசண்ட் என்னும் நீண்ட வால் காட்டுக்கோழியின் ஓர் இறகுகூடப் பிடுங்கப்படவில்லை. அடுப்படிக்கு இன்னும் போகாத இறைச்சியும் அடுப்படியிலிருந்து வந்துவிட்ட இறைச்சியும், மேசையோ தட்டோ இல்லாமல், ஒரே மண்தரையில் வெட்டவெளியில் கிடக்கின்றன. கடலோ கண்ணுக்கெட்டிய தொலைவு வரை இல்லை.

இந்த ஓவியத்தை விளக்க முற்படுபவர் இந்த விந்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. கட்டுரையாளர் வேறு வழியில் போகிறார். பின்னால் தெரியும் நிலக்காட்சியை நாடக மேடையில் தொங்கும் படுதா என்று ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிட்டு, முன்னால் கிடக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, இறால் செல்வத்தையும் முயல் அச்சத்தையும் துப்பாக்கி அதிகாரத்தையும் ஓணான் காலத்தையும் குறிக்கின்றன என்று வரிசையாகப் பொருள் சொல்லிக்கொண்டு போகிறார். நிகண்டைக் கையில் வைத்துக்கொண்டு செய்யுளுக்கு உரை சொல்வது போன்றது இது. சொற்களின் பொருள் எல்லாம் கிடைத்துவிடும். செய்யுள் மட்டும் கிடைக்காது.

இவ்வகை ஓவியத்தின் பெயரையே சற்று எண்ணிப் பார்க்கலாம். இங்கே எங்கள் காதில் அன்றாடம் விழும் பிரெஞ்சில் இதற்கு நாத்யூர் மோர்த் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் செத்த இயற்கை. ஆங்கிலத்தார் ஸ்டில் லைஃப் என்று கொஞ்சம் கருணையோடு சொல்கிறார்கள். பள்ளியில் நாங்கள் அசையாப் பொருள் ஓவியம் என்றோம். எந்தப் பெயரில் வழங்கினாலும் அதன் வழக்கமான இருப்பிடம் வீட்டின் உட்புறம்தான்: ஒரு மேசை, அதன்மேல் நாலைந்து பொருள்கள், ஒரு பக்கத்துச் சன்னலிலிருந்து விழும் வெளிச்சம், பின்னால் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு முக்கியமான வேலை உண்டு. பார்ப்பவரின் கண் பொருளைத் தாண்டி எங்கும் போகாதபடி அது தடுத்து நிறுத்துகிறது. எனக்கு ஓவியம் கற்பித்த ஆசிரியர், கத்தரிக்காயையும் செம்பையும் மேசைமேல் வைத்துவிட்டு, பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுவார். ‘பின்னாலே ஏதாவது இருந்தால் கண்ணு அங்கே ஓடிப்போயிடும்’ என்பார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கண் ஓடத்தான் செய்யும். தெலாக்ருவா அந்த வேட்டியை அவிழ்த்துவிட்டார் என்பதையும், கண் ஓட வேண்டும் என்று விரும்பியே அவிழ்த்தார் என்பதையும்தான் நான் இங்கே நிறுவ விரும்புகிறேன்.

வேட்டைப் பொருள்களைத் திறந்த வெளியில் வைத்துத் தீட்டும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யான் வீனிக்ஸ் என்ற ஒல்லாந்து ஓவியர் செத்த முயலையும் பறவைகளையும் பூங்காக்களுக்கு முன்னால் வைத்து நிறையத் தீட்டினார். (அதே ஒல்லாந்தர்தான் 1598இல் இந்தத் தீவில் இறங்கி, 1639இல் ஜாவா மானைக் கொண்டுவந்து விட்டு, டோடோ பறவையின் கதை முடிந்தபின், 1710இல் கப்பலேறிப் போனவர்கள், அவர்கள் விட்டுச்சென்ற மான்களை எங்கள் ஊர்ப் பெருந்தோட்டங்களின் ஷாஸே எனப்படும் வேட்டைக்காடுகளில் இன்றைக்கும் சுடுகிறார்கள்.) வீனிக்ஸின் படங்களில் கல்பீடமோ சிலைத்தாழியோ பெரும்பாலும் முன்புறத்தில் நிற்கும். அந்தக் கல் மேசையின் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது; பொருள்கள் அதில் சாய்ந்துகொள்கின்றன, பின்னால் பூங்கா அந்திப்பொழுதில் மங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே நிலக்காட்சியைப் படுதா என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

தெலாக்ருவாவின் படத்தில் அந்தக் கல் இல்லை. அவர் 1825இல் சில மாதங்கள் இங்கிலாந்தில் தங்கியிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு பாரிஸின் சலோன் கண்காட்சிக்கு ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் நிலக்காட்சிகள் வந்திருந்தபோது, அவற்றைப் பார்த்த தெலாக்ருவா தாம் அனுப்பியிருந்த பெரிய ஓவியத்தின் சில பகுதிகளைத் திரும்பத் தீட்டினார் என்பது ஓவிய வரலாற்றில் பலரும் எடுத்துச் சொல்லும் செய்தி. நிலத்தையும் வானத்தையும் உயிருள்ள பொருள்களாகப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில்தான், கோயெத்லொஸ்கே என்ற படைத்தளபதி கேட்டுக்கொண்டதன்பேரில், இந்த ஓவியத்தை அவர் வரைந்தார். ஏறத்தாழ எண்பது சென்டிமீட்டர் உயரமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட, பெரியதென்று சொல்ல முடியாத படம் அது. 1827இல் சூலியே என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தளபதியின் விலங்குப் படத்தை முடித்துவிட்டதாகவும், அதற்கு ஒரு பழைய பாணி அலங்காரச் சட்டத்தைத் தேடிப்பிடித்திருப்பதாகவும், சலோனில் அது வேடிக்கையாக இருக்குமென்றும் குறிப்பிடுகிறார். விலங்குப் படம் என்று அவர் சொன்னதையும், வேடிக்கை என்று அவர் எதிர்பார்த்ததையும் கட்டுரையாளர் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தால், ஒவ்வொரு பொருளுக்குள்ளும் ஒரு நீதியைத் தேடும் கடுமை சற்றுத் தளர்ந்திருக்கும். அதே சலோனில்தான், சுமார் நான்கு மீட்டர் உயரமும் ஐந்து மீட்டர் அகலமும் உடைய ‘சர்தனபாலின் மரணம்’ என்ற அவருடைய ஓவியம் பெரும் கண்டனத்துக்கு ஆளானது. மனிதரையும் குதிரையையும் பொன்னையும் ஒரே படுக்கையைச் சுற்றிக் குவித்த அந்தக் கை, இங்கே முயலையும் இறாலையும் குவித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது.

இனிப் படத்துக்குள் போகலாம். முன்புறத்தில் இறால்கள், முயல், பறவைகள், வேட்டைப்பை, ஒரு துப்பாக்கி, கட்டம்போட்ட ஸ்காட்லாந்துத் துணி, ஓர் ஓணான். பின்புறத்தில் விரிந்த பசுஞ்சமவெளி, மேகம் நிறைந்த அகன்ற வானம், நடுத்தொலைவில் செஞ்சட்டை அணிந்த குதிரை வேட்டையர் சிலர், மிகச் சிறிய உருவங்களாக. அந்தக் குதிரைக்காரர்கள்தாம் தங்கள் வேட்டையை இங்கே இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் போகிறார்கள் என்று கட்டுரையாளர் கதை சொல்கிறார். கதை அழகாகத்தான் இருக்கிறது, நடந்திருக்க முடியாது. செஞ்சட்டையணிந்து குதிரையேறும் ஆங்கில முறை வேட்டையில், நாய்களை ஏவி நரியைத் துரத்துவார்களேயன்றித் துப்பாக்கி எடுத்துப்போகமாட்டார்கள். துப்பாக்கியும் தோளில் மாட்டும் பையும், கால்நடையாகப் புதர்களுக்குள் நுழைந்து முயலையும் காட்டுக்கோழியையும் சுடுகிற வேறொரு வேட்டைக்காரனுக்கு உரியவை. அந்த வேட்டைக்காரன் படத்தில் எங்குமே இல்லை. படத்தைப் பார்க்கும் நாம் நிற்கும் இடத்தில்தான் அவன் நின்றிருக்க வேண்டும். முன்புறமும் பின்புறமும் ஒரே கதையின் இரண்டு காட்சிகளல்ல. ஒன்றையொன்று அறியாத இரண்டு வேட்டைகள். அவற்றைக் கதை இணைக்கவில்லை என்றால் எது இணைக்கிறது?

நிறம் இணைக்கிறது. இதை நான் வாதமாகச் சொல்வதைவிட, வண்ணப்படம் கையில் கிடைக்கும் வாசகர்கள் தாங்களே செய்துபார்க்கும் எளிய சோதனையாகச் சொல்கிறேன். கட்டைவிரலால் அந்தச் சிறிய குதிரைக்காரர்களை மறைத்துவிட்டு இறால்களைப் பாருங்கள். அவை சமையல்காரர் எங்கோ மறந்து வைத்துவிட்டுப் போன பதார்த்தமாக, அந்தப் பசுமையில் ஒட்டாமல் கிடக்கும். இப்போது விரலை எடுத்து இறால்களை மறையுங்கள். குதிரைக்காரர்கள் திரைச்சீலையில் தெறித்த இரண்டு மூன்று சொட்டு வண்ணமாகச் சுருங்கிப்போவார்கள். இரண்டையும் திறந்துவிட்டால், பெரிய சிவப்பு சிறிய சிவப்பைக் கூப்பிடுகிறது, சிறிய சிவப்பு தொலைவிலிருந்து பதில் சொல்கிறது. நடுவிலுள்ள பச்சைத் தரை முழுவதையும் கண் ஒரு நொடியில் தாண்டிப் போய்த் திரும்புகிறது. அந்தத் தாண்டல்தான் இந்த ஓவியத்தின் உயிர் என்பேன். இறால் வெந்திருக்க வேண்டியதன் காரணமும் இப்போது விளங்கும். கருநீல இறாலுக்கு அந்தச் சமவெளியில் உறவினர் யாரும் இல்லை. ஓவியர் அதைக் கொதிநீரில் போட்டது உண்பதற்காக அல்ல, அந்த நிலத்தில் அதற்கு ஓர் உறவு தேடிக்கொடுப்பதற்காக.

இந்த இடத்தில் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அகப்பாட்டை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொல்காப்பியம் நமக்குக் கற்பித்திருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியவை கருப்பொருள். இந்த ஓவியத்தின் முன்புறத்தை அந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள்: இறால் உணா, முயல் மா, காட்டுக்கோழி புள், துப்பாக்கியும் பையும் செய்தி என்னும் தொழில். பின்புறத்துச் சமவெளியும் மேகம் கவிந்த பகற்பொழுதும் முதற்பொருள். அசையாப் பொருள் ஓவியம் என்பது கருப்பொருளை மட்டும் தனியே எடுத்து மேசைமேல் வைத்தது. அதை நிலக்காட்சிக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது, கருப்பொருளை அதன் முதற்பொருளிடம் திருப்பி அழைத்துப் போவது. முயலும் காட்டுக்கோழியும் தங்கள் நிலத்துக்கே திரும்பியிருக்கின்றன. இறால் மட்டும் நெய்தல் நிலத்தது. முல்லையைப் போன்ற இந்தப் புல்வெளியில் அதற்கு வேலை இல்லை. நம் புலவர்கள் இதைக் கண்டு திகைத்திருக்கமாட்டார்கள். திணைமயக்கம் என்று பெயரிட்டு, ‘திணைமயக்குறுதலும் கடிநிலை இலவே’ என்று இடமும் கொடுத்து, கூடவே ‘நிலனொருங்கு மயங்குதல் இன்று’ என்று எல்லையும் வகுத்திருக்கிறார்கள். ஒரு நிலத்தின் பொருள் இன்னொரு நிலத்துக்கு வரலாம். இரண்டு நிலங்கள் ஒன்றாய்க் கலந்துவிடக் கூடாது. தெலாக்ருவா செய்திருப்பதும் இதுவே. கைத்திறன் குறைந்த ஓவியராயிருந்தால், இறாலுக்குச் சமாதானமாக மூலையில் ஒரு துண்டுக் கடலையும் ஒரு பாய்மரத்தையும் தீட்டியிருப்பார். இவர் நிலத்தை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் மயங்கவிட்டார்.

மயங்கி வந்த பொருளுக்கு என்ன ஆகிறது என்பதற்கும் தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் விடை இருக்கிறது:

எந்நில மருங்கின் பூவும் புள்ளும்
அந்நிலம் பொழுதொடு வாரா ஆயினும்
வந்த நிலத்தின் பயத்த ஆகும்.

எந்த நிலத்துப் பூவானாலும் பறவையானாலும், தன் நிலத்தோடும் பொழுதோடும் பொருந்தி வராவிட்டாலும், வந்து சேர்ந்த நிலத்தின் பயனையே தரும் என்பது கருத்து. இந்த மூன்று அடிகளை விளக்க, தமிழ்நாட்டுப் பிள்ளைகளைவிட எங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டு எளிதாகக் கிடைக்கும். எங்கள் பாட்டன்மார் கொண்டுவந்த முருங்கை இங்கே கிரியோல் நாக்கில் ‘ப்ரெட் மூரூம்’ ஆகி, ஊரிலுள்ள எல்லா இனத்தார் வீட்டிலும் மழைநாள் ரசமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறது. தெலாக்ருவாவின் இறாலுக்கும் அதே கதிதான். நெய்தலின் உரிப்பொருளான இரங்கலை அது தன்னோடு கொண்டுவரவில்லை. வந்த நிலத்தில் என்ன நடக்கிறதோ, அதாவது செஞ்சட்டை வேட்டை, அதன் நிறத்தையும் ஆரவாரத்தையும் தானும் பூண்டுகொண்டு, அங்கத்தியதாகவே ஆகிவிட்டிருக்கிறது. இறால் செல்வத்தின் குறி என்று கட்டுரையாளர் சொல்வது பணக்காரர் வீட்டு உணவுமேசையில் இருக்கும் இறாலுக்குப் பொருந்தும். இந்த இறால் மேசையில் இல்லை.

பிரெஞ்சுக்காரர் வரைந்ததற்குத் தொல்காப்பியத்தைக் கொண்டு உரை சொல்வது, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்னும் வீண்பெருமை ஆகாதா என்று எங்கள் வட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தெலாக்ருவா திணையை அறிந்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. முன்னால் உள்ள பொருளும் பின்னால் உள்ள நிலமும் ஒன்றுக்கொன்று என்ன செய்துகொள்கின்றன என்று கேட்கும் பழக்கம் நம் இலக்கணத்தில் இருக்கிறது. தனித்தனிப் பொருளுக்குத் தனித்தனிக் குறிப்பு சொல்லும் முறையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. எது படத்தில் அதிகமாகக் காட்டுகிறதோ அதைக் கையில் எடுக்கிறேன், அவ்வளவே.

மகளைப் பார்க்கப் பாரிஸ் போயிருந்தபோது இந்தப் படத்தின் முன் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். அப்போது பிடிபடாத ஒன்று, ஊர் திரும்பிய பின் கத்ர் போர்ன் பக்கத்தில் கோர் தெ கார்த் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலில் பிடிபட்டது. காவடி முடிந்து இரண்டு நாள் கழிந்த காலை நேரம். யாரோ ஒரு குடும்பத்தார் சரிவிலிருந்த ஒரு கல்லின்மேல் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, செவ்வந்தி எல்லாம் வைத்துப் படைத்துவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். கீழே கரும்புத் தோட்டங்களும் வீடுகளும், அதற்கப்பால் மேற்குக் கடல். பேரன் அதைக் கைப்பேசியில் படமெடுத்தான். நின்றபடி எடுத்த படத்தில் பழம் நன்றாகத் தெரிந்தது, கடல் இல்லை. குந்தி உட்கார்ந்து பழத்தின் மட்டத்திலிருந்து எடுத்த படத்தில் கடல் வந்தது. ஆனால் தேங்காய் மலைபோல் எழும்பி ஊரையே மறைத்துவிட்டது. இரண்டும் வேண்டும் தாத்தா, எப்படி எடுப்பது என்று கேட்டான். ஒரே நேரத்தில் குனிந்தும் நிமிர்ந்தும் பார்க்கத் தெரிந்தவனால்தான் முடியும் என்றேன். தெலாக்ருவா செய்திருப்பது அதுதான். முயலையும் இறாலையும் நாம் அவற்றின் மேல் குனிந்து, தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கிறோம். சமவெளியை நிமிர்ந்து, அடிவானத்தின் மட்டத்தில் பார்க்கிறோம். இரண்டு பார்வைகளுக்கும் நடுவே கண்ணுக்கு ஒரு சிறு தடுமாற்றம் ஏற்படுகிறது. அந்தத் தடுமாற்றத்தை ஓவியரின் பிழையென்று எண்ணுபவர்கள் உண்டு. காலடியில் செத்துக் கிடப்பது இவ்வளவு பெரிதாகவும், தொலைவில் உயிரோடு ஓடுவது இவ்வளவு சிறிதாகவும் இருக்கிறதே என்ற உணர்வு எனக்கு அந்தத் தடுமாற்றத்திலிருந்துதான் வந்தது. பொருள் கண்ணின் அளவையே மாற்றிவிடுகிறது. சுவரின் முன் வைத்த முயலுக்கு அந்த ஆற்றல் கிடையாது; அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

ஓணானைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறார். எனக்குச் சொல்ல இருப்பது கொஞ்சமே. அது உயிரோடு இருப்பதாகவே எனக்குப் படுகிறது. துப்பாக்கியையும் துணியையும் யாரும் எங்கும் கொண்டுபோகலாம், இறாலை வேகவைத்துத் தூக்கி வரலாம், முயலைச் சுட்டுக் கிடத்தலாம்; யாரும் கொண்டுவராமல், யாரும் வைக்காமல், தானே அந்த மண்ணில் ஊர்ந்து வந்தது முன்புறத்தில் அது ஒன்றுதான். குவியலுக்கும் நிலத்துக்கும் நடுவில் அது எல்லைக்கோட்டில் இருக்கிறது. காலத்தின் குறியீடு என்ற பாரத்தை அந்தச் சின்ன முதுகில் ஏற்றுவானேன்?

தெலாக்ருவாவுக்கு இந்த எண்ணம் ஒருநாள் வந்துபோனதன்று என்பதற்கும் சான்று உண்டு. இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து, 1848-49இல், அவர் பூக்களையும் பழங்களையும் வைத்து ஐந்து ஓவியங்களில் இறங்கி, அவற்றுள் இரண்டை 1849 சலோனில் காட்டினார். அந்தக் காலத்துப் பூ ஓவியர்கள் தூணுக்கும் திரைக்கும் முன்னால் பூச்சாடியை வைத்து, இதழ் இதழாகத் தீட்டுவதே வழக்கம். அந்த வழக்கத்தை விட்டு, தோட்டத்தில் பூக்கள் எப்படிக் கிடைக்கின்றனவோ அப்படியே காட்ட விரும்புவதாக அவர் எழுதியிருக்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலுள்ள ஓவியத்தில், பூக்கூடை ஒன்று தோட்டத் தரையில் கவிழ்ந்து கிடக்கிறது. அதன்மேல் கொடிப்பூக்கள் வளைவாகக் கவிந்திருக்கின்றன. பறித்த பூ எது, கொடியிலுள்ள பூ எது என்று கண்ணுக்கு உடனே பிரித்தறிய முடிவதில்லை. அங்கேயும் படுதா கிடையாது. கூடையிலிருந்து கொட்டியது கொடியின் நிழலிலேயே விழுகிறது. எனக்கு இந்தப் படத்தைவிட இறால் படமே பிடிக்கும். பூ தோட்டத்தில் கிடப்பதில் ஆச்சரியம் குறைவு. இறாலைப் புல்வெளியில் படுக்கவைத்து நம்மை நம்பவைப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

கட்டுரையாளரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஸ்காட்லாந்துத் துணி கிடப்பதை அவர் கவனித்து, அக்காலப் பிரான்சில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துப் பொருள்கள்மேல் இருந்த மோகத்தோடு அதைச் சேர்த்து எழுதியிருந்த பகுதி எனக்குப் புதிதாக ஒன்றைக் காட்டியது. அந்தத் துணியிலும் சிவப்பு இருப்பதை நான் அதற்குப் பிறகுதான் தேடிப் பார்த்தேன். அவர் நிலக்காட்சியையும் அதே கவனத்தோடு பார்த்திருந்தால், என் கடிதத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ஞாயிறு மலரின் நடுப்பக்கத்தில் திரைப்பட விளம்பரத்துக்கு வண்ணம் கிடைக்கிறது; ஓவியம் பற்றிய கட்டுரை வரும் வாரத்தில் உள்ளங்கை அளவுக்காவது அந்த வண்ணத்தை ஓவியத்துக்கும் தர வேண்டும். இரண்டாவது வேண்டுகோளுக்குச் செலவே இல்லை. இந்தக் கடிதம் முழுவதையும் வெளியிட இடமில்லாவிட்டாலும், அந்த இரண்டு சிங்கி இறால்களும் வெந்தவை என்ற திருத்தத்தையாவது அடுத்த மலரில் ஒரு வரியாக அச்சிட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியன்,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்.